கெனாங்கா கன்றைத் திருடிய நாள்

அன்புள்ள அக்கா,

நேற்று என் பேத்தி கைக்குட்டையில் முடிந்து நாலைந்து கெனாங்கா பூக்களைக் கொண்டுவந்தாள். முடிச்சை அவிழ்ப்பதற்குள் வாசம் வீட்டை நிறைத்துவிட்டது. “எங்க யுனிவர்சிட்டியில ஒரு பழைய மரம் பாட்டி. மஞ்ச மஞ்சயா கொட்டிக் கெடக்கு லா. நீங்க வந்து பாக்கணும்” என்றாள். அவள் அங்கே விவசாயம் படிக்கிறாள் அக்கா, பட்டப்படிப்பு! ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி. பெருமையைச் சொல்லிவிட்டேன். இனி நம் கதைக்கு வருகிறேன்.

அந்த இடம் அப்போது புதிதாகத் திறந்த சின்ன விவசாயக் கல்லூரி. இந்த மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளை வைத்து ஒரு தோட்டம் போட நினைத்தார்கள். வாங்க வழியில்லை, ஜனங்களிடமே கன்றுகளைத் தானமாகக் கேட்டார்கள். கல்லூரி லோரி ஓட்டிய என் வீட்டுக்காரர் நாம் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சுற்றினார். நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆட்கள் மனசாரத்தான் கொடுத்தார்கள், முருங்கைக் கொம்பும் கறிவேப்பிலையும் மல்லிகைப் பதியனும்! “எல்லாம் நம்மகூடக் கப்பல்ல வந்தது. இந்த மண்ணுச் செடி ஒருத்தர்கிட்டயும் இல்ல” என்று அவர் சோர்ந்து உட்கார்ந்தார்.

உங்கள் கொல்லையில் ஒன்று இருந்தது. பக்கத்து மலாய்க் கம்பத்தில் குடியிருந்த அம்மாவின் வேலியோரத்திலிருந்து நீங்கள் ஒருநாள் பிடுங்கி வந்து வளர்த்த கெனாங்கா மரம். அதன் விதையில் முளைத்த கன்று ஒன்று, பிஸ்கட் தகரத்தில் பின்வாசற்படியில் நின்றது.

அந்த மாதம்தான் உங்கள் வீட்டுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வேலை போனதும் குவார்ட்டர்ஸும் போயிற்று. கப்பலேறிச் சொந்த ஊருக்கே திரும்புவது என்று முடிவு செய்தீர்கள். காலியான வீட்டுக் கொல்லையை வெட்டிச் சுத்தமாக்கிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். “இந்த ஊர்ல எனக்குன்னு நிக்கிறது இது ஒண்ணுதான் புள்ள. இதோட குட்டியாவது பிழைக்கணும்” என்றீர்கள்.

ஆனால் கையில் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம்! “கேட்டுக் குடுத்தா தங்காது. திருடிட்டுப் போனாத்தான் வேர் பிடிக்கும். நான் திரும்பிக்கிறேன், உன் வீட்டுக்காரர வந்து எடுக்கச் சொல்லு.”

“லோரியில காலேஜ் பேரு எழுதியிருக்கு. நான் போய்த் திருடினா நல்லாவா இருக்கும்?” என்றார் அவர். கடைசியில் திருடி ஆனது நான்தான்.

நீங்கள் கப்பலுக்குக் கிளம்பும் நாள், மத்தியானம். குழாயடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தீர்கள். நான் தகரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலிவரை போய்விட்டேன். வாய் சும்மா இருக்கிறதா? பழக்கதோஷம்.

“போயிட்டு வரேன்க்கா!”

“பாத்துப் போ புள்ள” என்றீர்கள் நீங்களும். மறுநொடி தலையில் அடித்துக்கொண்டீர்கள். “கெடுத்தியே! எந்தக் களவாணி சொல்லிட்டுப் போவா? வை, கீழ வை! மொதல்லேருந்து திருடு!”

வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடந்தேன். நீங்கள் திரும்பவில்லை. உங்கள் முதுகு குலுங்கியது. இன்னும் சிரிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

கிள்ளான் துறைமுகத்துக்குச் சாயங்கால ரயில். அதற்குள் நட்டுவிட்டு ஓடி வந்து முறையாக விடைபெறலாம் என்றிருந்தேன். நட்டுத் திரும்பும் வழியில் மழை பிடித்தது, லோரி சேற்றில் மாட்டியது. வந்து பார்த்தால் உங்கள் கதவு பூட்டிக் கிடந்தது. ஊர் போய்ச் சேர்ந்த சில வருஷத்தில் நீங்கள் தவறிவிட்டதாகச் சேதி வந்தது.

இன்று பேத்தியோடு போய் நம் மரத்தைப் பார்த்தேன். அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம். அடிமரத்தில் கை வைத்து நின்றேன்.

“மரத்துக்கிட்ட சொல்லிட்டு வாங்க பாட்டி, போலாம்” என்று அவள் கிண்டல் செய்தாள்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். களவாணி சொல்லிட்டுப் போவாளா? உங்களிடம் சொல்ல வேண்டிய அந்தச் சொல் இத்தனை வருஷமாக என் வாயிலேயே இருக்கிறது, அக்கா. இருக்கட்டும். மரம் நன்றாக இருக்கிறது.