நான் தட்டிய பிறகுதான் நிறுத்துவாய்

எண்ணெய்த் துணி கிழிந்துவிட்டது. இன்று பொழுது சாயும் நேரத்தில் பட்டறையில் குறடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நடுவில் இரண்டாகப் போய்விட்டது. உன் பச்சைச் சேலையின் முந்தானைத் துண்டு அது. பழைய என்ஜின் ஆயில் ஊறி ஊறி, பச்சை இருந்த இடமே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. வேறு துணி எடுக்கலாம்தான். மனம் வரவில்லை. இரண்டு துண்டையும் முடிச்சுப் போட்டு மிச்சத்தைத் துடைத்து முடித்தேன்.

மண்டபம் ஊரின் உப்புக் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும், துடைக்காமல் விட்ட இரும்பில் காலையில் துரு பூத்திருக்கும். "இந்தக் காத்துக்கு இரும்புன்னா பூனைக்குக் கருவாடு மாதிரி" என்பாய். கருவிகளைத் துடைத்து ஆணியில் மாட்டாமல் நீ ஒரு நாளும் சோற்றுக்கு உலை வைக்கப் போனதில்லை. எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். கத்துவேன். உனக்குக் காதே கேட்காது.

இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல் ஒன்றைத்தான் நாம் விலைக்கு வாங்கினோம். மற்றதெல்லாம் நாமே செய்துகொண்டவை. லாரிச் சக்கரத்து வளையத்தில் நான் உலை கட்டினேன், களிமண்ணில் உமி பிசைந்து அதற்கு உள்பூச்சுப் பூசியது நீ. வெடிப்பு விழும்போதெல்லாம் மறுபடி பூசியதும் நீதான். கல்யாணமான புதிதில் உன் உயரத்துக்கென்று சம்மட்டிக் காம்பைக் குறைத்துச் செதுக்கிக் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "தாலியோட சேத்து இதையும்ல கட்டிவிட்டுட்டாக" என்று சிரித்தாய்.

வேலையில் நமக்குப் பேச்சே கிடையாது. என் சின்னச் சுத்தியல் எங்கே தொடுகிறதோ அங்கே உன் சம்மட்டி இறங்கும். கல்லின் வெற்று ஓரத்தில் நான் இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்காமல் நீ நிறுத்தியதே இல்லை. இரும்பில் இருக்கும் கடைசிச் சிவப்பையும் உறிஞ்சிவிட்டுத்தான் நான் தட்டுவேன். கரியை மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு.

ஒரு நாள் விசைப்படகு நங்கூரம் ஒன்றுக்குக் கொக்கி வளைத்துக்கொண்டிருந்தோம். பாதியில் சம்மட்டியைக் கீழே ஊன்றிவிட்டாய்.

"ஏ புள்ள, நான் தட்டவே இல்லையே, ஏன் நிப்பாட்டுன? இரும்பு ஆறுதுல்ல?"

"இடது தோள்ல என்னமோ பிடிக்குதுங்க. கையெல்லாம் மரத்துப்போகுது."

மறுபடி சூடேற்ற வேண்டுமே என்ற எரிச்சல்தான் எனக்கு அப்போது. நான் முறைத்தபடி இரும்பை உலையில் செருகுவதற்குள் நீ மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி சம்மட்டியைத் தூக்கி நின்றாய்.

நம் வீடுகளில் அந்த வலிக்கு ஒரு பேரே உண்டல்லவா, சம்மட்டி வலி என்று. என் அம்மாவுக்கும் இருந்தது, உன் அம்மாவுக்கும் இருந்தது. உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தால் அடங்கிவிடும். உனக்கும் நான்தான் கொடுத்தேன். ஆனால் அடங்கவில்லை. ஒத்தடத் துணியை விலக்கிவிட்டு நீ கேட்டாய்:

"ஒருக்கா ராம்நாட்டுப் பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வருவமா?"

"ஒனக்கு ஆஸ்பத்திரி வேணாம் புள்ள, மெஷின்தான் வேணும். நானே செஞ்சு தாரேன் பாரு."

அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை! உன்மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறேன் என்றே நம்பினேன். நீயும் நம்பினாய். திரும்பக் கேட்கவில்லை.

பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை, கார் சக்கரம், மோட்டார் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து, காலால் மிதித்தால் தானே அடிக்கிற சம்மட்டியைக் கட்டத் தொடங்கினேன். முதலில் செய்த சட்டம் ஆடியது, அறுத்துவிட்டு மறுபடி செய்தேன். நான் வெல்டிங் வைக்க, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டுகளைப் பிடித்தாய். அதே இடது கையால்.

"இது ஓடுனா எனக்கு வேலை போயிரும்ல?"

"போகட்டும். மகாராணியாட்டம் உக்காந்து வேடிக்கை பாரு" என்றேன். நீ உட்கார ஒரு முக்காலியும் செய்துவைத்தேன்.

மெஷினுக்கு பெல்ட் மாட்டுவது மட்டும் பாக்கி. அன்று காலையில் உலை மூட்டக் குனிந்த நீ நிமிரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். இடது கையில் முன்பே வலி இருந்ததா என்று கேட்டார். "அது சம்மட்டி வலிங்க" என்றேன்.  அது நெஞ்சிலிருந்து வந்த வலியாக இருக்கும் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

அபிராமத்தில் கட்டிக்கொடுத்த நம் மகள் வரும்போதெல்லாம், "அய்யா, அம்மாவும்தான சம்மட்டி வலின்னு நெனச்சுச்சு? ஒங்களயே ஏன் வைஞ்சுக்கிறீக?" என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று நீ கேட்டது அவளுக்குத் தெரியாது. வாய் வரை வருகிறது, சொல்ல முடியவில்லை. உனக்கு மட்டும்தான் தெரியும்.

மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. துறைமுகத்துக்காரர்கள் வந்து பார்த்து, "அண்ணே, பிரமாதம்" என்கிறார்கள். நான் குனிந்து உலைக்குக் கரி அள்ளித் தள்ளுகிறேன். மெஷினுக்கும் நான்தான் எண்ணெய் போடுகிறேன். உன் சம்மட்டிக்கும் போடுகிறேன். முக்காலியில் இதுவரை யாரையும் உட்கார விடவில்லை.

போன மாதம் நங்கூரம் வாங்க வந்த ஒருவன், வலை இழுத்துத் தோள் வலிக்கிறது என்றான். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, அவனை வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுக்கவைத்தேன். வெறும் சுளுக்கு. "ஏலே, அவருகிட்டத் தோள் வலின்னு மட்டும் சொல்லிராத, வேலைவெட்டி போயிரும்" என்று துறைமுகமே கேலி பேசுகிறது. பேசட்டும்.

மிதியிலிருந்து காலை எடுத்தால் மெஷின் நின்றுவிடும். தட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கை போய்க் கல்லின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறது. இப்போதெல்லாம் கடைசிச் சிவப்பு வரை நான் காத்திருப்பதில்லை. இரும்பு நன்றாகச் சிவந்திருக்கும்போதே தட்டிவிடுகிறேன். ஒரு கொக்கிக்கு இரண்டு தடவை கூடுதலாகச் சூடேற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றிக்கொள்கிறேன்.