நீ மூடிவைத்த இன்ஜின்கள்

என் செல்லத் தம்பி முரளிக்கு,

இப்படி உன்னை நேரில் ஒருநாளும் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய். நீ உயிரோடு இருந்தபோதும் என் கடிதம் எதற்கும் பதில் எழுதியவன் இல்லை என்பதால், இப்போது எழுதுவதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நீ கைவைத்த கார்களைச் சிலர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை அச்சுக்கு அனுப்புகிறேன். நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. முதல் செய்தி, உன் மகள் நித்யா உயிரோடு இருக்கிறாள். நலமாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. வலது தோளெலும்பு முறிந்து, கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் நீல நிறக் காரை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். நீ ஓய்வுபெற்ற பிறகு மண்ணூர்பேட்டைக் கொட்டகையில் இரண்டு வருடம் குனிந்து கிடந்து, இன்ஜினின் வேகத்தைக் கூட்டும் பெரிய டர்போ பொருத்தி, வெளிநாட்டிலிருந்து வலுவான கனெக்டிங் ராடுகளை வரவழைத்துக் கட்டினாயே, அதே கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பைபாஸில் வானகரம் தாண்டியதும், இன்ஜினுக்குள் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டதாம். அடுத்த நொடி எண்ணெய் கொட்டி, சக்கரம் வழுக்கி, வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி நடுத்திட்டில் மோதி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் எனக்கு ஒரு மருமகள் மிச்சம். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்ஜினின் பக்கச் சுவரில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் அந்த ராட், தன்னைப் பிடித்திருந்த போல்ட் அறுந்ததும் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பொருள் போலி என்றார்கள் சிலர். பெண் பிள்ளைக்கு எதற்கு இத்தனை வேகம் என்றார்கள் சிலர். இரண்டாம் வகையினருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பினேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள். போல்ட் ஏன் அறுந்தது என்று தெரியாமல் எனக்கு உறக்கம் வராது. உன் கொட்டகையைத் திறந்து, அலமாரியில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். ராடுகளோடு வந்த விளக்கத்தாள் இருந்தது. அதோடு விரல் நீளத்தில் ஒரு கிரீஸ் பாக்கெட், பிரிக்கப்படாமல். தாளில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: இந்தக் கிரீஸைத் தடவித்தான் போல்ட்டை முறுக்க வேண்டும், எண்ணெய் கூடாது, கொடுத்திருக்கும் முறுக்கு அளவு இந்தக் கிரீஸுக்கு மட்டுமே பொருந்தும்.

நீ எண்ணெய் விட்டிருக்கிறாய். எனக்குக் கண்முன் தெரிகிறது. கார் இன்ஜின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம், மேசை மேல் எண்ணெய் டப்பா. இரண்டு சொட்டு, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்னும்வரை ஒரு முறுக்கு, கடைசியில் போல்ட் தலையிலிருந்து ராடு வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு. சரிபார்த்தாயிற்று, இனி யாரும் தொடாதே என்று அதற்கு அர்த்தம். அங்கே அந்த அளவுகள் அந்த எண்ணெய்க்காகவே வகுக்கப்பட்டவை. இங்கே அந்தக் கிரீஸைவிட எண்ணெயில் உராய்வு அதிகம், அதனால் ரெஞ்ச் சீக்கிரமே 'டிக்' என்றது. போல்ட் இறுகியதுபோல் தோன்றியது, ஆனால் இழுபட வேண்டிய அளவுக்கு இழுபடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போயிருக்கிறது.

இன்னொன்றும் தோன்றுகிறது. அங்கே முறுக்குகிறவர் ஒருவர், கோடு போடுகிறவர் வேறொருவர். நீ வாழ்நாளெல்லாம் கோடு போடுகிறவனாக இருந்தாய். கொட்டகையில் இரண்டு வேலையையும் நீயே பார்த்தபோது, உன் வேலையைச் சரிபார்க்க யார் இருந்தார்கள்?

இதையெல்லாம் யோசித்தபடி டப்பாவைத் திரும்ப அடுக்கும்போதுதான் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்னொரு பாக்கெட். அதுவும் பிரிக்கப்படாதது.

முரளி, எனக்கு எழுபத்து மூன்று வயது. நம் அப்பா, அம்மா, நீ என்று மூன்று பேரை வழியனுப்பியவள். அந்த விரல் நீளப் பாக்கெட்டைப் பார்த்தபோது வந்த பயம் அந்த மூன்று நாள்களிலும் வந்ததில்லை. நடந்து முடிந்ததைப் பார்த்து ஒருவர் அழலாம். இது இன்னும் நடக்காதது. ராடுகள் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாக்கெட் இருக்கும். இரண்டாவது பெட்டி யாருக்கு என்று எனக்குத் தெரியும். மாங்காட்டுக் குணாவுக்கு.

உன் கொட்டகையே கதியென்று கிடந்த அந்த நாற்பது வயதுக்காரனுக்கு, உன் கார்போலவே ஒரு காரை அதே ராடுகளோடு கட்டிக்கொடுத்தாய். அதில் அவன் மனைவியும் ஐந்து வயது மகளும் போய்வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்து நித்யாவிடம் சொன்னேன். பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா தப்பு பண்ணிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லப் போறீங்களா அத்தை?"

"ஊரெல்லாம் இல்லை. குணாவுக்கு."

"குணா அண்ணனுக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதான். அப்பாவுக்குன்னு மிச்சம் இருக்கறதே அந்தப் பேர்தான்."

"நீயும் மிச்சம் இருக்கிறாய். அதை நினைவில் வை" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் தொலைபேசியை எடுத்தேன்.

குணா சிரித்தான். "இன்னா டீச்சரம்மா, சாரு கட்டின இன்ஜினா புட்டுக்கும்? நித்யா பொண்ணு ஆயில் பாக்காம ஓட்டிருக்கும்."

"எண்ணெய் நிறைய இருந்தது. ராட் போல்ட் அறுந்திருக்கிறது, குணா. உன் வண்டியிலும் அதே போல்ட்தான்."

"நானும் பயந்துகினு ஆக்சிடென்ட் ஆன அன்னிக்கே இன்ஜின் அடியில ஆயில் சேம்பர கழட்டிப் பாத்துட்டேன். எட்டு போல்ட்லயும் சாரு போட்ட மஞ்சக் கோடு அப்டியே கீது. ஒரு முடி நவுரல. சாரு கோடு போட்டார்னா போட்டாருதான். நானும் மூடிட்டேன்."

"அந்தக் கோடு போல்ட் திரும்பவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு இறுக்கத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது."

"காலேஜ்ல பாடம் எடுக்கற மாறியே பேசறீங்க. வெள்ளிக்கெழமை வேலூர்ல மச்சினிச்சி கல்யாணம். ஊட்ல ரெண்டு பேரையும் இட்டுகினு போறேன். வந்ததும் பாத்துக்கலாம்."

வேலூர்ச் சாலை காலியாக இருந்தால் குணா எந்த வேகத்தில் போவான் என்பது உனக்குத் தெரியும். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீ.

வியாழக்கிழமை காலை ஆட்டோ பிடித்து மாங்காட்டுக்குப் போனேன். வாசலில் கார் கழுவி நின்றது, பானெட்டில் மஞ்சளும் குங்குமமும். பின்கதவு திறந்திருக்க, குழந்தை உள்ளே உட்கார்ந்து ஒரு பொம்மைக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். குணாவின் மனைவி என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே சொல்லுங்கம்மா. நான் சொன்னா, இன்ஜின பத்தி உனுக்கு இன்னாடி தெரியும்ன்றாரு."

வண்டியைக் கயிறு கட்டிக் கொட்டகைக்கு இழுத்துப் போகச் சொன்னேன். குணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரு வண்டிய கவுறு கட்டி இஸ்தா மண்ணூர்பேட்டையே கைகொட்டி சிரிக்கும் டீச்சரம்மா. வேணும்னா நானே ஓட்டிகினு வரேன். தொறந்து பாத்துட்டு நீங்களே தோத்துட்டேன்னு சொல்லுங்க."

"அப்படியென்றால் நானும் ஏறுகிறேன். குழந்தையை இறக்கு."

இதைத் தைரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். தனியாக விட்டால் பறப்பான், பின்னால் ஒரு கிழவி இருந்தால் மெதுவாகப் போவான் என்பதே என் எண்ணம். குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தில் முறுக்குத்தூள் மேல் உட்கார்ந்தேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி உன்னிடம் என்ன சொல்வது? நாற்பதைத் தாண்டக்கூடாது என்றேன். பைபாஸில் ஏறியதும் பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். குணா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களா, வெண்ணெ மாறி ஓடுது." உண்மைதான், வெண்ணெய்போலத்தான் ஓடியது. நித்யாவின் காரும் அந்த ஞாயிற்றுக்கிழமை வானகரம் வரை அப்படித்தான் ஓடியிருக்கும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை இழுப்பு என்று மனம் தானாகப் பெருக்கத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை. நடுத்திட்டில் நித்யா மோதிய இடம் வந்தது, அங்கே சிமெண்டில் நீல நிறக் கீறல் இன்னும் இருக்கிறது. குணாவும் அதைப் பார்த்தான். அதன்பின் மண்ணூர்பேட்டை வரை அவன் சிரிக்கவில்லை.

கொட்டகையில் வண்டியை ஏற்றி, எண்ணெயை வடித்து, சேம்பரை இறக்கினான். டார்ச் வெளிச்சத்தில் எட்டு மஞ்சள் கோடுகளும் வரிசையாகத் தெரிந்தன. "பாருங்க" என்றான். குரலில் பழைய தெம்பு இல்லை. முதல் ஐந்து போல்ட்டுகள் சாதுவாகக் கழன்றன, கழல வேண்டியதைவிடச் சுலபமாகவே. ஆறாவதில் ரெஞ்சை வைத்துத் திருப்பியதும் குணா நிறுத்திவிட்டான். கையை மெல்லக் கீழே இறக்கினான். போல்ட்டின் தலை மட்டும் தனியாக ரெஞ்சின் சாக்கெட்டுக்குள் வந்திருந்தது.

வாங்கிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்து, பழைய விரிசலாக இருந்தது. ஓரத்தில் ஒரு நகக்கீற்று அளவு மட்டும் புதிதாக மின்னியது. அந்த நகக்கீற்று அகலத்து இரும்பு எங்களை மாங்காட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தலையின் மேல் உன் கோடு, அளவெடுத்தாற்போல் நேராக.

குணா தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பாப்பா சீட்ல உக்காராது டீச்சரம்மா. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல நின்னுகினேதான் வரும்" என்றான். பிறகு கோபம் வந்தது. "சாரு ஏன் இப்டி பண்ணாரு? ஒரு பேப்பர படிக்கறதுக்கு இன்னா கேடு?" கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். உன்னிடம் பதில் இருக்கிறதா?

வேலூருக்குப் பேருந்தில் போனார்கள். இடுப்பு ஒடிந்துவிட்டது என்று அங்கிருந்து தொலைபேசியில் என்னைத் திட்டினான். இவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

ஆனால் பயம் போகவில்லை, முரளி. டப்பாவில் இருந்தவை இரண்டு பாக்கெட். அதற்கு முன்னால் நீ கட்டிய இன்ஜின்களின் பாக்கெட்டுகளை எங்கே போட்டாய்? குப்பையில் போட்டாயா, அல்லது அபூர்வமாக ஒருமுறையாவது பிரித்துத் தடவினாயா? குணா யோசித்து நான்கு பேரைச் சொன்னான். இருவர் இன்ஜினைத் திறக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர், செத்தவர் மேல் பழி போடுகிறேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்தார், நாளையும் அழைப்பேன். நான்காமவர் தன் வெள்ளைக் காரை எப்போதோ விற்றுவிட்டார். வாங்கியவரும் விற்றுவிட்டாராம். இப்போது அதை ஓட்டுகிறவருக்கு உன் பெயர்கூடத் தெரியாது. தெருவில் கனத்த சைலன்சர் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். என் முழங்காலுக்கு இது நல்லதல்ல.

ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு: மண்ணூர்பேட்டையில் முரளி சார் கட்டிய இன்ஜின் உங்களிடம் இருந்தால், இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். கோடு நேராக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள். ராட் போல்ட் அனைத்தையும் மாற்றுங்கள், ராடுகளைப் பரிசோதியுங்கள், தாளைப் படியுங்கள்.

நித்யா இந்தக் கடிதத்தை இடதுகையால் புரட்டிப் படித்தாள். "கவனக்குறைவு" என்று எழுதியிருந்த ஓரிடத்தில் விரலை வைத்து, "இதை அடிச்சிட்டு 'தவறு'ன்னு போடுங்க அத்தை. அப்பா கவனமாத்தான் செஞ்சாரு" என்றாள். அடித்துவிட்டு மாற்றினேன். அவள் சொன்னது சரி.

இனி என் வாக்கு. அந்த வெள்ளைக் காரை நான் கண்டுபிடிப்பேன். எத்தனை கை மாறியிருந்தாலும், ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், இது என் தம்பி செய்த தவறு என்று நானே அவர் முன்னால் நின்று சொல்லி, திறக்க வைப்பேன். அதுவரை உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழ எனக்கு நேரமில்லை. அந்த வேலை முடியட்டும், பிறகு வருகிறேன்.

உன் மேல் தீராத கோபத்தோடும், அதைவிட அதிகமான பயத்தோடும்,
உன் ஒரே அக்கா,
சாரதா