கழித்தவை

ஜூன் 4

குட்டியின் அப்பாவுக்கு,

நலம். குட்டி ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து பேசினாள். இருமல் விட்டுவிட்டதாம், கணக்குப் பரீட்சைதான் விடவில்லையாம்.

விஷயத்துக்கு வருகிறேன். டிவிக்குக் கீழே நீங்கள் பொருத்திவிட்டுப் போன கம்ப்யூட்டர் நான்கு நாளாக மக்கர் செய்கிறது. ரிமோட்டை அமுக்கினால் படம் வருவதற்குப் பதிலாக ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "வீட்டுக்காரர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூட்டு போட்டு வச்சிருக்காரும்மா. அவரையே கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷமாக வேறு ஊரில் இருக்கிற வீட்டுக்காரரை எப்படிக் கேட்பது என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ போடுவேன். கடிதத்தில்தான் என் முறை எனக்கு வருகிறது. ஆகவே நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

குட்டியின் அம்மா


ஜூன் 9

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! கவரைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அன்று மூன்று கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தேன். சாயங்காலம் அறைக்கு வந்து பிரித்தால், பாஸ்வேர்டு கேட்டிருக்கிறாய். சரி, அதையாவது கேட்டாயே.

குட்டி பிறந்த தேதி, தலைகீழாக. அதுதான் பாஸ்வேர்டு. அதைப் போட்டதும் ‘அனுமதிக்கலாமா?’ என்று திரையில் கேட்கும். ரிமோட்டின் நடுப் பொத்தானை அமுக்கு. என் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தே நான் அதற்குள் நுழைந்து சரிசெய்துவிடுவேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. திரையில் அம்பு தானாக நகர்ந்தால் பயந்துவிடாதே, அது நான்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மாற்றல் வந்தபோது உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பெட்டியைக் கட்டு என்றேன். நீ "நான் வரல" என்றாய். நாலு நாளில் கோபம் தணிந்து வந்துவிடுவாய் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். வரலாமா?

உன் லிஃப்ட்காரன்


ஜூன் 19

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கம்ப்யூட்டர் இப்போது ஓடும். அதன் ஹார்ட் டிஸ்க் இடமே இல்லாமல் நிரம்பிப்போனதுதான் கோளாறு. கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அதைச் செய்யும்போது, கடைசியாக எதெல்லாம் பார்க்கப்பட்டது என்கிற பட்டியல் கண்ணில் பட்டது. பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். தேடித்தேடி இருநூற்றுப் பத்துப் படம் சேர்த்து வைத்தேன். இரண்டு வருஷத்தில் ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை. ‘கழித்தவை’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அதை மட்டும்தான் திறந்திருக்கிறாய்.

அது என்ன என்று உனக்குத் தெரியும். பாட்டு வந்தால் நீ எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாய். உனக்குப் பாட்டே பிடிக்காது என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கும் பாட்டு வந்தால், இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால்தான் ஆறு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் பாட்டுகளை வெட்டி எடுத்தேன். உன் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தேன். "இனிமே எல்லாப் படமும் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும் பாரு" என்று பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. நீ சிரித்தாய். வெட்டிய துண்டுகளை எறிய மனசு வரவில்லை. பழைய திருகாணியைக்கூட நான் எறிய மாட்டேன், உனக்குத் தெரியாததா? எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் கொட்டி அந்தப் பெயரை வைத்தேன்.

நீ அதைத்தான் தினமும் பார்க்கிறாயா? ஏன்?

உன் லிஃப்ட்காரன்


ஜூன் 28

குட்டியின் அப்பாவுக்கு,

கேட்டதால் சொல்கிறேன். இதற்கு முன்னால் நீங்கள் கேட்டதில்லை.

பாட்டு பிடிக்காமல் நான் எழுந்து போகவில்லை. பாட்டு தொடங்கியதும் உங்கள் கை ரிமோட்டுக்குப் போய்ப் பாட்டை வேகமாகத் தள்ளிவிடும். திரையில் ஆடுகிறவர்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி வெடுக்வெடுக்கென்று ஓடுவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் போவேன். சமையலறையில் நின்று மீதிப் பாட்டை மனசுக்குள் நானே பாடி முடித்துவிட்டு வந்து உட்காருவேன். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் படம் பார்த்தேன்.

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கு வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று ஐந்து தடவையாவது கேட்கிறேன். கேட்காமல் யாருக்கும் கண்ணாடி செய்து கொடுத்ததில்லை. வீட்டில் என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை. நானும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் போன முதல் வாரம் ரிமோட் என் கைக்கு வந்தது. எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தபோது அந்த ஃபோல்டர் அகப்பட்டது. என் பாட்டெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. அன்றிலிருந்து கடை விட்டு வந்ததும் நாலு பாட்டு. சில நாள், பார்த்த பாட்டுக்கு நானே ஒரு பெயர் வைக்கிறேன். ரிமோட்டில் எழுத்து எழுத்தாகத் தேடி அமுக்கி ஒரு பெயரை முடிப்பதற்குள் கட்டைவிரல் கடுத்துப்போகும். ‘மழையில் நனைந்து வந்த அன்று’, ‘குட்டியை விடுதியில் விட்ட அன்று’, ‘தலைவலி விட்டது’. இப்படி நூற்றறுபது ஆகிவிட்டது. நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை, இதுதான் எனக்கு அது.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

குட்டியின் அம்மா


ஜூலை 6

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

‘யோசிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். மாட்டேன் என்று எழுதவில்லை. எனக்கு அது போதும். பக்கத்து அறைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். "யோசிக்கிறேன்னா வரச் சொன்ன மாதிரிதான் சார்" என்கிறார்.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என் பரிசு. பத்தொன்பது வருஷம் நீ எழுந்து போனதைப் பார்த்தேனே தவிர, ஏன் போகிறாய் என்று ஒரு நாள் கேட்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன். வெட்டிய பாட்டை எல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப ஒட்டிவிடுகிறேன். தினமும் ஏழிலிருந்து எட்டு வரை, இங்கிருந்தே. நடுப் பொத்தானை மட்டும் அமுக்கி அனுமதி கொடு.

உன் லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள உங்களுக்கு,

சாயங்காலம் ஏழு மணிக்கு நடுப் பொத்தானை அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறேன். நடுவில் எட்டிப் பார்த்தால் அம்பு ஊர்ந்துகொண்டிருக்கிறது. முதலில் என்னவோ போல இருந்தது. இப்போது, ஹாலில் ஓர் ஆள் உட்கார்ந்து சத்தமில்லாமல் வேலை பார்க்கிற மாதிரி இருக்கிறது. நேற்று என்னை அறியாமல் "காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது அம்பை!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தை முழுசாகப் பார்த்தேன். கதாநாயகன் வீட்டை விட்டு ஏன் போனான் என்று எனக்கு இத்தனை வருஷமாகப் புரிந்ததில்லை. காரணம் பாட்டுக்குள் இருந்திருக்கிறது.

அக்டோபரில் குட்டிக்கு லீவு. நாலு நாள் வந்து போங்களேன். மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு முழுப்படம் பார்ப்போம். அதற்குமேல் என்ன என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கண்ணாடிக்காரி


செப்டம்பர் 12

என் அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

முடிந்தது! இருநூற்றுப் பத்துப் படத்திலும் பாட்டெல்லாம் இருந்த இடத்துக்கே போய்விட்டது. ஒரு தையல்கூடத் தெரியாது, போட்டுப் பார். ‘கழித்தவை’ ஃபோல்டருக்கு இனி வேலை இல்லை என்பதால் அதை அழித்துவிட்டேன். ஹார்ட் டிஸ்கில் இடம் கிடைத்துவிட்டது. இனிமேல் மக்கர் செய்யாது.

அடுத்த சந்தோஷம். திரும்ப அங்கேயே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன், கிடைத்துவிட்டது! நாலு நாள் எதற்கு? ஒரேயடியாக வந்துவிடுகிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி காலையில் சாமான் வண்டியோடு வாசலில் நிற்பேன். சாமான் இறக்க வழியாக, ஹால் நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வை.

உன்னுடைய
லிஃப்ட்காரன்


செப்டம்பர் 18

குட்டியின் அப்பாவுக்கு,

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறீர்கள். எனக்குப் பயமே அதுதான்.

பாட்டு எதுவும் தொலையவில்லை, எல்லாம் படத்துக்குள் பத்திரமாக இருக்கிறது என்பீர்கள். நிஜம்தான். நான் வைத்த பெயர்கள் எங்கே? எந்த நாளைக்கு எந்தப் பாட்டு என்று எனக்கே இனித் தெரியாது. உங்களுக்கு எழுதியிருந்தேன். எழுதினால் காதில் விழும் என்று நம்பினேன். கடிதத்தில் என் முறை வருகிறது என்று முதல் கடிதத்தில் பெருமையாகச் சொன்னேனே, அதை நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆகஸ்டில் ஒரு பாட்டுக்கு ‘அவர் வந்தால் போட’ என்று பெயர் வைத்தேன். அதுவும் போயிற்று. அது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லப் போவதில்லை.

நாலு நாள் என்று நான் எழுதினேன். நீங்கள் வண்டி பிடித்துவிட்டீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள், இன்றைக்கு எனக்குத் தெரியாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

வராதீர்கள். குட்டியை நீங்கள் இருக்கும் இடத்துக்கு லீவில் அனுப்பி வைக்கிறேன். ரிப்பேர் கடைக்காரரை வரவழைத்துப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இந்தத் தடவை யார் பிறந்த தேதியும் இல்லை.

குட்டியின் அம்மா


செப்டம்பர் 30

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

மாற்றலை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். வண்டிக்காரரிடமும் சொல்லியாயிற்று. மூன்றாம் தேதி உன் வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். இங்கிருந்து உன் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வழியை என் பக்கத்திலும் எடுத்துவிட்டேன். நீயே கூப்பிட்டாலும் இனி அந்த அம்பு நகராது.

எழுதியிருந்தேன் என்றாயே, அதனால் உன் கடிதங்களை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். ஜூன் 28 கடிதத்தில் இருக்கிறது. மழையில் நனைந்து வந்த அன்று. குட்டியை விடுதியில் விட்ட அன்று. தலைவலி விட்டது. கட்டைவிரல் கடுத்ததுகூட இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வரிகளை நான் படித்த ஞாபகமே இல்லை. ஒட்டும்போது ஃபோல்டரிலும் இந்தப் பெயர்கள் கண்ணில் பட்டிருக்கும், எந்தப் படத்தின் துண்டு என்று மட்டும்தான் பார்த்தேன். நான் கேட்டதற்கு என்ன பதில் சொல்லியிருக்கிறாய் என்று பார்க்கக் கடைசி வரிக்கு ஓடியிருக்கிறேன். கையில் ரிமோட் இல்லாமலே உன் கடிதத்தையும் தள்ளித்தான் பார்த்திருக்கிறேன்.

குளிருக்கு அலமாரியின் மேல்தட்டிலிருந்து கம்பளியை எடு, ஒழுகுகிற குழாயைச் சரிசெய் என்றெல்லாம் எழுத நினைத்தேன். அந்த வீட்டிலேயே இருக்கிற உனக்குத் தெரியாதா என்ன? எழுதவில்லை.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன், தெரிகிறது. ஒட்டி முடித்த படங்களின் நகல் என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் ஒரு படம் போடுகிறேன். ரிமோட்டை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன். ஒவ்வொரு பாட்டு வரும்போதும், இதுவாக இருக்குமோ, என்னை உட்காரவைத்து நீ போட்டுக்காட்ட நினைத்தது இதுதானோ என்று பார்க்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை. உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்றே எனக்குத் தெரியாதே.

ஒரு படம் மூன்று மணி நேரம் ஓடுகிறது. இதுவரை ஏழு பார்த்திருக்கிறேன். இன்னும் இருநூற்று மூன்று இருக்கிறது. எதையும் தள்ளாமல் பார்க்கிறேன்.

லிஃப்ட்காரன்