கொடியில் போட்ட வேட்டி

அம்சா அப்பாவுக்கு,

நீங்க வேலை பார்க்கற ரயில் ஷெட்டுக்குப் பக்கம்னு பிரிக்ஃபீல்ட்ஸ்ல நீங்க பார்த்து வெச்ச வாடகை வீட்டுக்கு இன்னைக்கு நானே போனேன். துவைச்ச வேட்டியை அங்க கொல்லைக் கொடியில போட்டேன். மத்தியானத்துக்குள்ள கரி அப்பிக்கிச்சு. கட்டில்ல விரிச்சு வெச்சிருக்கேன், கண்ணால பாருங்க. நேத்து இதைச் சொன்னதுக்குத்தானே அந்தக் கத்து கத்தினீங்க!

அம்சாவைக் கூட்டிக்கிட்டு புடுவுல இருக்கற அக்கா வீட்டுக்குப் போறேன். அவ தெருவுல வீடு காலியா இருக்கான்னு கேட்டுட்டு வரேன். கருவாட்டுக் குழம்பு மூடி வெச்சிருக்கு.

இன்னொண்ணு. அந்தக் கொடிகிட்ட நின்னா உங்க ஷெட் தெரியுது. எஞ்சின் ஓரமா நின்னுக்கிட்டே ஆறிப்போன சோத்தை நீங்க அள்ளிப் போட்டுக்கிட்டதைப் பார்த்தேன்.

அக்காகிட்ட வீடு பத்தி ஒண்ணும் கேக்கப் போறதில்ல. அந்த வீட்டையே பேசி முடிங்க. துணியை உள்ளேயே காயப்போட்டுக்கறேன்.