டேங்கில் பெற்றோல் இருந்தது

என் அன்பு மச்சான் நியாஸுக்கு,

கபுருக்குள் படுத்திருக்கும் உனக்கு என் ஸலாம். பரீனாவுக்கு இத்தா முடிந்துவிட்டது. நாலு மாதமும் பத்து நாளும் என் தங்கச்சி வீட்டுப் படி இறங்கவில்லை. உன் காரும் பலா மரத்தடியில் தறப்பாள் மூடி அப்படியே நின்றது. தொட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

போன கிழமை உன் உம்மா, "அந்தச் சனியனக் கண்ணுக்கு முன்னால வைக்காம வித்துத் தொலைங்க" என்றார். ஓடாத காரை யார் வாங்குவான்? வயரிங் வேலை தெரிந்தவன் நான்தானே. வேறொரு பெட்டரியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அது நடுவழியில் ஏன் நின்றது என்று இரத்தோட்டை ஊருக்கே தெரியும். பரீனா பெற்றோல் அடிக்க மறந்துவிட்டாள். உன் உம்மா அவள் முகத்துக்கு நேரே சொன்னார்: "என்ட புள்ளையக் கொன்னது நெஞ்சுவலி இல்ல, இவட மறதி." அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன்.

ஏனென்றால் அந்தக் கதையைத் தொடக்கி வைத்தவனே நான். உச்சி வெயிலில் உன்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு அவள் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். பாதி வழியில், ஒரு மேட்டில் கார் நின்றது. அண்ணன் என்று எனக்குத்தான் போன் எடுத்தாள்.

"நானா, செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகுதில்ல!"

"பெற்றோல் முடிஞ்சிருக்கும். பெற்றோல் காட்டுற முள்ளு வேலை செய்யாதுன்னு தெரியும்தானே, நேரத்தோட அடிக்க வேணாமா? பெற்றோல் இழுக்கிற பம்ப் நான் போட்டது, அதுல பிழை வராது."

எவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு! அவள் ஒரு த்ரீவீலை மறித்து உன்னை ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது சாவியைத் திருப்பினேன். பின் சீட்டுக்குக் கீழே பம்ப் ஓடும் அந்தச் சின்ன இரைச்சல் இல்லை. சீட்டைக் கழற்றினேன். டெஸ்ட் லாம்பின் கிளிப்பைக் கதவு இரும்பில் மாட்டி, பம்புக்குப் போகும் வயரைக் குத்தினேன். லாம்ப் எரிந்தது. நீ மௌத்தாவதற்கு இரண்டு மாதம் முன்னால் கார் முதன்முதலாகக் கரைச்சல் கொடுத்தபோதும் இப்படித்தான் எரிந்தது. கரண்ட் வருகிறது, அப்படியென்றால் பம்ப்தான் போய்விட்டது என்று நான் வேறு பம்ப் போட்டேன். கார் ஓடியது. நீ என் முதுகில் தட்டினாய்.

இந்த முறை கிளிப்பைப் பம்பின் எர்த் வயரில் மாட்டினேன். லாம்ப் எரியவில்லை.

மச்சான், கரண்ட் போனால் மட்டும் போதுமா? திரும்பி வர வழி வேண்டாமா? கதவு இரும்பில் கிளிப்பை மாட்டினால் லாம்புக்கு அந்த வழி கிடைக்கும், பம்புக்குக் கிடைக்காது. தொழிலுக்கு வந்த முதல் வருஷமே படித்த பாடம் இது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கார்பெட்டுக்குக் கீழே, வயரைக் காரின் இரும்போடு இறுக்கிய போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நான் பம்ப் மாற்றும்போது வயர் அசைந்து, தொட்டும் தொடாமலும் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். தேய்த்துச் சுத்தம் பண்ணி இறுக்கினேன். பம்ப் இரைந்தது.

பிறகு பம்ப் மூடியைக் கழற்றி டேங்குக்குள் பார்த்தேன். பாதி டேங்க் பெற்றோல். அன்றைக்குப் பிறகு யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. காருக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்கிறாள் என் மனைவி. யானை சறுக்கினால் யானைதானே விழ வேண்டும்? நீ ஏன் விழுந்தாய்?

பரீனா முற்றத்தில் கராம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "தங்கச்சி, டேங்க்ல பெற்றோல் இருக்கு. பிழை என்ட வேலையில."

அவள் அழவில்லை. "முந்தின நாள் நான் அடிச்சேன் நானா. ரோட்டுல வச்சி அவருகிட்டயும் சொன்னேன். ஆனா நீங்க சொன்னத ஸ்பீக்கர்ல கேட்டுட்டாரு. 'ஒன்ட நானாக்குத் தெரியாததா'ன்னு முகத்தத் திருப்பிக்கிட்டாரு. அதுக்குப் பொறகு பேசல்ல. பொறகு எனக்கே சந்தேகம், அடிச்சேனா இல்லையான்னு."

"உம்மாகிட்ட நான் சொல்றேன்."

"உம்மாக்குச் சொல்லுவீங்க. அவருக்கு யாரு சொல்றது?"

அதனால்தான் எழுதுகிறேன், ஊரும் வாசிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன். அவள் உன்னிடம் சொன்னது உண்மை. நான் போனில் சொன்னது பொய். நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உன் உம்மாவிடமும், அவர் பேச்சைக் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் என் வாயாலேயே இதைச் சொல்லுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

மறுமையில் நாம் மூவரும் சந்தித்தால், மச்சான், அவளைப் பார். முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொள்.

உன் பரீனாவின் நானா,
ரிஸ்வி