தொப்பூர்க் கட்டம்

நாமக்கல்
12.6.1979

அன்புள்ள வசந்தாமணிக்கு,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, நான் உருவாக்கிய ‘லாரி ஆட்ட’ அட்டையை விரித்து, தாயம் உருட்டி நானே தனியாக விளையாடுகிறேன். பச்சைக் காய் எனக்கு, சிவப்பு உனக்கு. உனக்காகக் கள்ளாட்டம் வேறு. பக்கத்து வீட்டு மயிலம்மாள் சன்னலில் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, ஆருகூடப் பேசறீங்க?” என்றாள். இந்நேரம் தெரு முழுக்க நான் பைத்தியம்.

போன வருடத்து ‘மாப்பிள்ளை அழைப்பு’ ஆட்டத்தாளில் கடைக்காரர்கள் கடலை மடித்தார்கள். இது விற்கிறது. ஒரே குறை, கடைசிக் கட்டம் வீடு; அதை நம் பேச்சுப்படி ‘ஊடு’ என்று எழுதிக் கொடுத்தேன். சிவகாசி அச்சகத்தில் பிழை திருத்தி ‘ஓடு’ என்று போட்டுவிட்டார்கள். பம்பாய் போய்த் திரும்பிய டிரைவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஓட வேண்டுமாம்.

ஒரு கட்டத்துக்காக எத்தனை நாள் அம்மா வீட்டில் இருப்பாய்?

உன்
மருதாசலம்

பள்ளிபாளையம்
20.6.1979

அவர்களுக்கு வசந்தாமணி எழுதுவது.

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை.

‘ஓடு’ சரியாகத்தான் இருக்கிறது. நான் அதன்படிதான் செய்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது, லாரி ஓட்டும் என் தம்பி செங்கோட்டையன் உங்களிடம் சொன்னது நினைவிருக்கிறதா? “மாமா, தொப்பூர் எறக்கத்துல வண்டி பிரேக் புடிக்க மாட்டீங்குதுங்க. ஓனருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.” நீங்கள் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தீர்கள். மாசியில் அதே இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவன் போய்விட்டான். சித்திரையில் அச்சாகி அட்டை வந்தது: ‘தொப்பூர். பிரேக் பிடிக்கவில்லை. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு.’

அவன் திரும்பவில்லை. ஓனரிடம் சொன்னீர்களா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தை எடுங்கள். பிறகு பேசலாம்.

வசந்தாமணி

நாமக்கல்
2.8.1979

அன்புள்ள வசந்தாமணிக்கு,

எடுத்துவிட்டேன். கடை கடையாக அலைந்து அட்டைகளைத் திரும்ப வாங்கி, அந்தக் கட்டத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினேன். மைதாப் பசையில் இரண்டு உள்ளங்கையும் ஒட்டிக்கொண்டு, கும்பிட்டபடியே நின்றேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டதாக மயிலம்மாள் சொல்லித் திரிகிறாள். ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டதாகப் பிள்ளைகள் திட்டுகிறார்கள். திட்டட்டும். ‘ஓடு’வையும் மையால் ‘ஊடு’ ஆக்கினேன்.

நீ கேட்காத கேள்விக்கு: ஓனரிடம் நான் சொல்லவில்லை. வா என்று எழுதவும் துணிவில்லை.

மருதாசலம்

பி.கு. தாள் ஒட்டாமல் ஓர் அட்டையை மட்டும் வைத்திருக்கிறேன். சிவப்புக் காய் உன்னுடையது என்று எழுதினேன் அல்லவா? அது செங்கோட்டையனுடையது. தொப்பூரில் நிற்கும்படிதான் கள்ளாட்டம் ஆடுகிறேன். அங்கே நின்றால்தானே புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவான்.