கூரை போன காம்பரா

இறம்பொடை
14.7.1956

அன்பும் மதிப்பும் உள்ள அத்தான் அவர்களுக்கு,

மீனம்மா எழுதுவது. நானும் நம் பிள்ளை வடிவும் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு அதையே நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலில் துணி சுற்றியிருப்பதால் எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே பெருங்காற்று அடித்தது. வடிவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அவளைச் சாக்குக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குப் போயிருந்தேன். போகாவிட்டால் அரை நாள் கூலிக்கான அரைப் பெயரும் கிடைக்காது. பத்து மணி இருக்கும், மலையில் நிற்கவே முடியவில்லை. மாயாண்டிக் கங்காணி, "கூடையைப் போட்டுட்டு ஓடுங்க! மரம் விழுது!" என்று கத்தினார். நாங்கள் இறங்கிய பாதையிலேயே ஒரு தைல மரம் சாய்ந்தது. வீரம்மா அக்கா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்திராவிட்டால் இந்தக் காகிதம் உங்களுக்கு வந்திராது.

லயத்து வரிசைக்கு வந்து பார்த்தால், நம் வீட்டோடு அந்தப் பக்கத்து ஐந்து காம்பராவுக்கும் கூரை இல்லை. தகரம் எல்லாம் ஆற்றோரம் கிடந்தது. முகட்டு விட்டம் கட்டிலின் குறுக்கே விழுந்து, அதன் மேல் பாதிச் சுவரும் சரிந்திருந்தது. கம்பளியின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கல்லைக் கையாலேயே இழுத்துப் போட்டேன். நகம் இரண்டு பெயர்ந்ததும் தெரியவில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால், "என்னாம்மா தேடுறே?" என்று கேட்டது.

வடிவுதான். தாகம் எடுத்து, கையில் செம்போடு தண்ணீர் விழும் பீலிக்குப் போயிருக்கிறாள். காற்றுக்குப் பயந்து பாறையடியில் ஒண்டியிருந்து வந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, அத்தான். ஓங்கி அறைந்துவிட்டேன். காய்ச்சல் பிள்ளை. ஏன் அடித்தேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சட்டி பானை, அரிசி, துணி எல்லாம் போய்விட்டன. அடுத்த லயத்தாரோடு சேர்த்து ஏழு குடும்பங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிடக்கிறோம். வடிவு உள்ளே படுக்கவே மாட்டேன் என்கிறாள். தகரம் சடசடத்தால் மழையிலேயே எழுந்து ஓடுகிறாள். மருந்துக்காரர் வந்து பார்த்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது, பயத்துக்குத் தன்னிடம் மருந்து இல்லை என்றார்.

தகரம் எப்போது போடுவார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்கப் போனேன். "ஒன் புருசன் பேருல எழுதுன காம்பரா. அவன் பேரைத்தான் தோட்டத்துக் கணக்குல இருந்து வெட்டியாச்சே. ஆம்பளை இருக்கிற காம்பராவுக்கு முதல்ல போடுவோம். நீயும்தான் இந்தியாவுக்குப் போற ஆளு" என்றார். பதினோரு வயதிலிருந்து இதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். நான் பிறந்ததும் அதே காம்பராவில்தான். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் அப்பா காரியத்துக்கு என்று இந்தியாவுக்குப் போனீர்கள். திரும்பி வர விசா இல்லை, நீங்கள் இருவரும் புறப்பட்டு வாருங்கள் என்று மூன்று காகிதம் போட்டீர்கள். மூன்றுக்கும் நான் சண்டை போட்டே பதில் எழுதினேன். என் தாய் தகப்பனைப் புதைத்த இடத்தை விட்டு எங்கே வருவது என்று கேட்டேன். இனி அப்படி எழுத மாட்டேன். நேற்று பாஸ்போர்ட் பாரத்தில் கையெழுத்துப் போட்டு, தோட்டத்துப் பள்ளி வாத்தியார் கையில் கொடுத்துக் கண்டி இந்திய ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். காற்றுக்குப் பயந்து வருகிறேன் என்று அங்கே யாரும் பேச வேண்டாம். காற்று ஒரு நாள்தான் அடித்தது.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் தனுஷ்கோடியில் இறங்கும் அன்று நீங்களே வந்து நில்லுங்கள். உங்கள் அண்ணனை அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கரையில் எனக்குத் தெரிந்த முகம் உங்களுடையது ஒன்றுதான்.

இப்படிக்கு,
மீனம்மா